தெலுக் ஆயர்க் கரையில் மாச்சோ: ஒரு கோயிலும் அதன் அண்டை வீட்டாரும்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இன்று நிற்பவருக்குக் கடல் தெரியாது. வங்கிக் கட்டடங்களின் நிழலும், நண்பகல் உணவுக்கு விரையும் அலுவலர் கூட்டமுமே தெரியும். மலாய் மொழியில் 'தெலுக்' என்பது வளைகுடா, 'ஆயர்' என்பது நீர். ('ஆயர்' என்றதும் கண்ணனையும் ஆநிரையையும் நினைக்கும் மாணவர் ஒருவராவது ஒவ்வோர் ஆண்டும் இருப்பார். அவரை நாம் குறை கூறமாட்டோம்.) 1880களில் கரையை மண்ணிட்டுத் தூர்த்து நகரை விரிவாக்கியபோது கடல் பின்வாங்கியது. தெருவின் பெயரில் மட்டும் அது தங்கிவிட்டது. அதற்கு முன்னர்ப் பாய்மரக் கப்பல்களிலிருந்து சிறு படகுகளில் இறங்கியோர் கால்வைத்த முதல் மண் இந்தக் கரைதான். இறங்கியவர் எம்மொழியினராயினும், உயிரோடு வந்து சேர்ந்தமைக்கு நன்றி சொல்ல ஓரிடம் வேண்டியிருந்தது. ஒரே தெருவில், சில நூறு அடிகளுக்குள், அத்தகைய இடங்கள் பல எழுந்தன. அவற்றுள் பெரியது, சீனக் கடலன்னைக்கு ஹொக்கியன் மக்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில்.

இவ்வுரைக்கு இக்கோயிலைப் பொருளாகக் கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டே மேற்செல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், உயர்நிலைப்பள்ளி மாணவரின் கற்றல் பயணம் ஒன்றுக்கு நாம் ஒரு பயிற்றுத்தாள் எழுதிக் கொடுத்தோம். அதில் இக்கோயிலின் தெய்வத்தை 'மாசு' என்று எழுதினோம். மாண்டரின் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் தந்துவிட்டோம் என்பதே நம் எண்ணம். தாளை வாசித்த மாணவி ஒருத்தி, "ஐயா, சாமிக்கு ஏன் அழுக்கு என்று பெயர்?" என்று கேட்டாள். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவருக்கு அதற்கு மேல் ஒரு பாடம் தேவையில்லை. தமிழில் உயிரிடை வரும் ஒற்றைச் சகரம் உரசொலியாகும், இரட்டித்தால் வெடிப்புரசொலியாகும் என்பதை வகுப்பில் நூறு முறை சொன்ன நாமே, இன்னொரு மக்களின் தாய்த்தெய்வத்தின் பெயரை அழுக்காக்கி அச்சேற்றியிருந்தோம். அன்று தொடங்கிய திருத்தம் நம்மை அப்பெயரின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

சீன மரபின்படி, இத்தெய்வம் முதலில் ஒரு மானிடப் பெண். ஃபூஜியான் மாநிலத்தின் பூத்தியான் கரையையொட்டிய மெய்சௌ தீவில் 960ஆம் ஆண்டு, லின் குடும்பத்தில் பிறந்தவள். பிறந்து ஒரு திங்கள் வரை அழாமையால் 'மோ' என்று பெயரிட்டனர். 'மோ' என்றால் மௌனம். அவள் தறியில் நெய்துகொண்டிருந்தபோது, புயலில் சிக்கிய தந்தையையும் உடன்பிறந்தாரையும் மயக்க நிலையில் கண்டு காத்தாள் என்பது அவளைப் பற்றிய கதைகளுள் மிகப் பரவலானது. தாய் அவளைத் தட்டி எழுப்பியதால் காப்பு இடையில் முறிந்து, ஒருவர் மட்டும் கடலோடு போனார் என்று அக்கதை முடியும். யார் போனார் என்பதில் கதை சொல்வோர் வேறுபடுவர். 987இல், மணம் புரியாமலேயே, அவள் விண்ணேறினாள் என்பர். பின்னர் மீனவரும் மாலுமிகளும் அவளைக் கடலில் கண்டதாகச் சொல்லலாயினர். ஆயிரம் கல் தொலைவு காணும் கண்ணர், காற்றில் வருவதைக் கேட்கும் செவியர் ஆகிய இரு காவலரை அவளுக்கு இருபுறமும் நிறுத்துவது கோயில் மரபு. கடலோடிக்குத் தேவையான இரண்டு புலன்கள் அவை.

அரசுகள் அவளுக்குப் பட்டங்களை வழங்கிக்கொண்டே இருந்தன. மங்கோலிய யுவான் அரசு 'விண்ணரசி' என்னும் பொருளில் 'தியன்ஃபெய்' என்றது. பின்னர் சிங் அரசு அதனினும் ஒரு படி உயர்த்தி, 'விண்ணகப் பேரரசி' என்னும் பொருளில் 'தியன்ஹோ' என்றது. மக்களோ அவளை 'மாச்சோ' என்றனர், அன்பு மிகுந்தபோது 'மாச்சோ போ' என்றனர். 'மா' தாய். 'சோ' முன்னோர். 'போ' பாட்டி. நம் ஊர்களில் ஆத்தா, அம்மை, ஆயி என்று பெண் தெய்வங்களை அழைக்கும் உறவுமொழிதான் அங்கும் இயங்கியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் சாவ் ஈ குறித்துவைத்த ஒரு நம்பிக்கை, மொழி பயில்வோர் அனைவரும் அறிய வேண்டியது. நடுக்கடலில் இடர் வரும்போது 'மாச்சோ' என்று அழைத்தால், அவள் தலையை வாராமலே, உடுத்த உடையோடு உடனே ஓடி வருவாள். அரசு தந்த பட்டப்பெயரைச் சொல்லி அழைத்தால், அதற்குத் தக்க முடியும் அணியும் பூண்டு வருவதற்குள் காலம் கடந்துவிடும். பட்டப்பெயருக்கும் விளிப்பெயருக்கும் உள்ள வேறுபாட்டைச் சமூக மொழியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும். மூழ்கும் படகிலிருந்த மாலுமிக்கு அது ஒரு வரியில் விளங்கியிருந்தது.

இனிக் கோயிலுக்கு வருவோம். 1820களின் தொடக்கத்தில் கரையில் ஒரு சிறு வழிபாட்டிடமாக இது தோன்றியது. இன்றுள்ள கட்டடம் 1839இல் தொடங்கி 1842இல் முடிந்தது. கல், மரம், ஓடு எனப் பெரும்பாலான பொருள்கள் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தன. தூணும் உத்தரமும் ஆணியின்றிப் பொருத்தப்பட்டன. செலவு ஏறத்தாழ 30,000 ஸ்பானிய வெள்ளி. அதில் 3,000 வெள்ளிக்கு மேல் தந்து முதலிடம் பெற்றவர் மலாக்காவில் பிறந்த வணிகர் டான் டோக் செங். அவர் பெயர் இன்று மருத்துவமனையின் பெயராக எல்லார் வாயிலும் வழங்குகிறது. அவருக்குப் பின் அவர் மகன் டான் கிம் சிங் ஹொக்கியன் சமூகத்தின் தலைமையை ஏற்றார்.

கட்டடம் முடியுமுன்னரே, 1840இல், மாச்சோவின் திருவுருவம் சீனாவிலிருந்து வந்து சேர்ந்தது. அன்று நடந்த ஊர்வலத்தை ஆங்கிலச் செய்தித்தாள் வியப்போடு பதிவு செய்தது. ஊர்வலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு மைல் நீண்டது. பல வண்ணக் கொடிகளும் சேகண்டி முழக்கமும் சூழ, சின்னஞ்சிறு பெண் குழந்தைகளை ஒப்பனை செய்து அலங்கார மேடைகளில் தூக்கிச் சென்றனர். நம்மூர்த் திருவிழாக்களைக் கண்டவர்க்கு அக்காட்சி புதிதாக இராது. பிற்காலத்தில் ஹொக்கியன் தலைவர்களே இத்தகைய ஊர்வலங்களின் செலவு மிகுதி என்று கருதி, அப்பொருளைக் கல்விக்குத் திருப்ப வேண்டுமென வாதிட்டனர். அவ்வாதம் வென்றது. ஆயினும் இழப்பும் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஊர்வலம் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவரின் வரலாற்று நூல்.

கோயிலின் பெயரை ஒலி பிரித்துப் பார்ப்பது ஆசிரியர்க்குப் பயன்படும். 'தியான்' விண். 'ஹொக்' நற்பேறு. 'கெங்' அரண்மனை. மூன்றும் ஹொக்கியன் ஒலிப்புகள். இதே எழுத்துகளை மாண்டரினில் 'தியன் ஃபூ கோங்' என்று வாசிப்பர். 'ஹொக்கியன்' என்னும் இனப்பெயரின் முதலசையும் கோயிற் பெயரிலுள்ள 'ஹொக்'கும் ஒரே எழுத்துத்தான். ஃபூஜியான் என்று மாண்டரினில் வழங்கும் மாநிலமே ஹொக்கியன் வாயில் ஹொக்கியன் ஆகிறது. இதனினும் நம்மை ஈர்ப்பது மூன்றாம் சொல். அரண்மனையைக் குறித்த சொல்லே தெய்வத்தின் இல்லத்தைக் குறிக்கலாயிற்று. தமிழில் 'கோ' வேந்தன், 'இல்' வீடு. சங்க நூல்களில் 'கோயில்' மன்னனின் அரண்மனையையும் சுட்டியது, பின்னர் இறைவனின் இல்லமாயிற்று. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இது கடன் அன்று. மனித மனம் ஆட்சியையும் அருளையும் ஒரே வாயிலில் கண்டதன் விளைவு.

1850இல் கோயிலில் நிறுவிய கல்வெட்டு, இதனைத் தாங் மக்கள் சேர்ந்து கட்டியதாகச் சொல்கிறது. தென்சீனர் தம்மைத் தாங் அரசமரபின் பெயரால் சுட்டிக்கொள்வது பழைய வழக்கம். பிறர் நமக்கு இட்ட பெயர் வேறு, நாம் நமக்கு இட்டுக்கொண்ட பெயர் வேறு என்பதற்கு இது நல்ல சான்று. தமிழர் அதே தெருவில் சூலியா என்றும் கிளிங் என்றும் பிறரால் அழைக்கப்பட்ட காலம் அது.

அத்தமிழர் எங்கே இருந்தனர்? கோயிலுக்கு வெகு அருகில். ஒரு பக்கம், கோயில் கட்டத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1828க்கும் 1830க்கும் இடையில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா. மறுபக்கம், 1827இல் ஓலைக் குடிலாகத் தொடங்கி, 1850களில் செங்கற் கட்டடமான அல்-அப்ரார் பள்ளிவாசல். அதற்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் 'குச்சுப்பள்ளி'. குச்சு என்றால் சிறு குடில். பள்ளி என்னும் சொல்லோ நம் மொழியின் விருந்தோம்பல் மிக்க சொற்களுள் ஒன்று. சமணரும் பௌத்தரும் தங்கிய இடம், மாணவர் பயிலும் இடம், முஸ்லிம்கள் தொழும் இடம் எல்லாவற்றுக்கும் அது இடம் கொடுத்திருக்கிறது. ஆக, கடலன்னையின் கோயில் இருபுறமும் தமிழ் பேசியோரின் வழிபாட்டிடங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது. கோயிலின் முன்னே நின்று இடமும் வலமும் நடந்து பார்க்கும் மாணவர், இதை வரைபடமின்றியே கண்டுகொள்வர்.

நாகூரில் அடக்கமான சாகுல் ஹமீது ஆண்டகையும் கடலோடிகளின் காவலரே. அவரைப் பற்றித் தமிழ்க் கரையில் வழங்கும் கதை ஒன்று: நாவிதர் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, நடுக்கடலில் ஒரு கப்பலின் அடியில் துளை விழுந்தது. அதனை உணர்ந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை வீசினார். அது சென்று துளையை அடைத்தது. இதை மாச்சோவின் தறிக் கதையோடு வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் தறி, ஓரிடத்தில் நாவிதர் கண்ணாடி. இருவருமே கரையில், அன்றாட வேலையின் நடுவே இருக்கிறார்கள். இருவருக்குமே தொலைவிலுள்ள கப்பல் தெரிகிறது. கடலுக்குக் கணவனையும் மகனையும் அனுப்பிவிட்டு அடுப்படியிலும் திண்ணையிலும் காத்திருந்தோரின் ஏக்கத்திலிருந்துதான் இத்தகைய கதைகள் பிறந்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு. ஒரு மரபு மற்றொன்றிடமிருந்து கதையைப் பெற்றது என்று சொல்ல நமக்குச் சான்றில்லை. அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை.

இந்துத் தமிழரும் இத்தெருவில் இடம் பெறவிருந்தனர். 1819இல் ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் ஒதுக்கிய நிலம் தெலுக் ஆயரில்தான். ஆனால் கோயிற் சடங்குகளுக்கு வேண்டிய நன்னீர் அங்குக் கிடைக்கவில்லை. பெயரில் நீரை வைத்திருந்த தெரு, குடத்தில் தர நீரின்றி நின்றது. பின்னர் ஸ்டாம்ஃபர்டு கால்வாயருகே ஒதுக்கிய இடமும் நகரத் திட்டத்தால் கைநழுவ, 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827இல் அங்கு எழுந்ததே மாரியம்மன் கோயில். உப்பு நீரை ஆளும் அன்னை கரையிலேயே தங்க, மழை நீரைத் தரும் அன்னை சற்று உள்ளே சென்று அமர்ந்தாள். மாச்சோவும் மாரியும் ஒருவரே என்று சிலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறோம். முதலெழுத்து ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கட்டுவது மொழியியல் ஆகாது. ஒருத்தி கடலையும் மற்றொருத்தி மழையையும் நோயையும் ஆள்கிறாள். அவர்களை அவரவர் வீட்டில் இருக்க விடுவதே மரியாதை.

இதே எச்சரிக்கையைக் கோயிலின் உள்ளேயும் மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. கூரையின் உத்தரத்தைத் தாங்குவதுபோல் அமைந்த சில உருவங்களின் முகச்சாயல் இந்தியரைப் போன்றது என்றும், கட்டுமானத்தில் உழைத்த இந்தியத் தொழிலாளருக்குச் செய்த நன்றிக்கடன் அது என்றும் சொல்வர். தமிழ் மாணவர் இதைக் கேட்டதும் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறோம். நமக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்னும் ஆவல் உண்டு. ஆயினும், கூரை மூலையைத் தோளில் தாங்கும் அயல்நாட்டார் உருவம் தென் ஃபூஜியான் கோயிற் கலையில் பரவலாகக் காணப்படும் ஒன்று. அவ்வடிவத்துக்கு இங்குள்ள சிற்பி அண்டை வீட்டாரின் முகத்தைத் தந்திருக்கலாம். வகுப்பறையில் 'என்பர்' என்னும் சொல்லைச் சேர்த்தே இதைச் சொல்லுங்கள். உள்ளம் விரும்பும் சான்றை இருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமின்றிக் கல்லில் இருக்கும் தொடர்புகள் இரண்டு உண்டு. ஹொக்கியன் மக்களில் பெரும்பாலோரின் பூர்விகம் சுவான்சௌ, சாங்சௌ ஆகிய பகுதிகள். அந்தச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயில் ஒன்றை எடுத்தனர். அதற்குரிய தமிழ்க் கல்வெட்டு, ஒரு சீன வரியோடு சேர்ந்து, 1281ஆம் ஆண்டுக்குரியதாகக் கிடைத்திருக்கிறது. அக்கோயிலைச் சேர்ந்த சிற்பத் தூண்கள் இன்றும் அந்நகரின் கையுவான் பௌத்தக் கோயிலில் நிற்கின்றன. கடலன்னைக்கு யுவான் அரசு 'தியன்ஃபெய்' பட்டத்தை வழங்கிய ஆண்டும் 1281 என்றே ஆய்வாளர் பலர் கொள்வர். இரண்டுக்கும் காரணத் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் நின்றது ஒன்றே: தென்கடல் வாணிகத்தை வளர்க்க விரும்பிய ஓர் அரசு.

இரண்டாவது, இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும் காணிக்கை கூறுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபைச் சார்ந்தது. இதே செங் ஹோ, 1431இல் ஃபூஜியானின் சாங்லெ நகரில் நாட்டிய கல்வெட்டில், புயலில் தம் கப்பல்களுக்குத் துணைநின்றவள் தியன்ஃபெய் அன்னையே என்றும், பாய்மர உச்சியில் அவளது ஒளி தோன்றியதும் அச்சம் தீர்ந்தது என்றும் நன்றி கூறுகிறார். தம் ஊரில் தம் அன்னைக்கு நன்றி. அயல் துறைமுகத்தில் அவ்வூரார் தொழும் தெய்வத்துக்கு, அவ்வூரார் மொழியில் காணிக்கை. கடலோடிகளின் நாகரிகம் இது. காலிக் கல்வெட்டின் தமிழைச் சீனப் பேரரசின் ஆணையின்பேரில் எழுதியவர் யார் என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், மொழிபெயர்ப்பாளர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பாத வரலாற்றின் மேல் நமக்குச் சிறு வருத்தம் உண்டு.

மீண்டும் தெலுக் ஆயருக்கு வருவோம். கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. ஹொக்கியன் சங்கம் நெடுங்காலம் இங்கிருந்தே இயங்கியது. புதிதாக வந்தவனுக்கு வேலை, நோயாளிக்கு உதவி, வழக்குக்குத் தீர்ப்பு என எல்லாம் கோயில் முற்றத்தைச் சுற்றியே நடந்தன. பக்கத்திலேயே 1849இல் சொங் வென் மாடம் எழுந்தது. கல்வித் தெய்வத்துக்குரிய அம்மாடத்தின் அருகே, எழுத்துள்ள தாள்களைத் திரட்டி எரிப்பதற்கென ஒரு சிறு கூண்டு அமைத்தனர். எழுதிய தாள் காலில் மிதிபடக் கூடாது, குப்பையோடு சேரக் கூடாது என்பது சீனர் மரபு. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க நேரமாகாது. 1915இல் கோயிலையொட்டி சொங் ஹொக் பெண்கள் பள்ளி தொடங்கியது. பெண்ணை முதன்மைத் தெய்வமாகக் கொண்ட வளாகத்தில் பெண்பிள்ளைகள் எழுத்தறிந்தது பொருத்தமே.

1906இல் நடந்த திருப்பணியின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து இரும்புக் கதவுகள் வந்தன. 1907இல் குவாங்சு பேரரசர் அளித்த நான்கெழுத்துப் பலகை வந்தது. தென்கடலில் அலைகள் அமைதியுற்றன என்பது அதன் கருத்து. நாலே ஆண்டுகளில் சீனாவில் முடியாட்சியையே புரட்சி அலை புரட்டிப்போட்டது. பலகை மட்டும் இங்கே அமைதியாக நிலைத்தது. 1973இல் கோயில் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. அடுத்த ஆண்டே நாகூர் தர்காவும் அல்-அப்ரார் பள்ளிவாசலும் அத்தகுதி பெற்றன. 1998 முதல் 2000 வரை நடந்த பெருஞ்சீரமைப்புக்கு 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதுகளில் சிறப்புக் குறிப்புக் கிடைத்தது.

கட்டடம் காக்கப்பட்ட அளவுக்கு மொழி காக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின் ஹொக்கியன் வீட்டுமொழியாக இருந்த நிலை வேகமாகச் சுருங்கியது. சீனச் சமூகத்தின் பல்வேறு கிளைகள் ஒரு பொதுமொழியில் பேசிக்கொள்ள அது வழிசெய்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும், 'மாச்சோ போ' என்று விளித்த பாட்டியும், 'மாட்சு' என்று பாடநூலில் படித்த பேத்தியும் ஒரே உருவத்தின் முன் இரண்டு பெயர்களோடு நிற்கிறார்கள். வீட்டில் தமிழ் தேய்வதைப் பற்றி நாம் நம் மேடைகளில் கவலைப்படும்போது, அதே கவலையை இன்னும் அமைதியாகச் சுமக்கும் அண்டை வீட்டார் நமக்கு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு ஆட்சிமொழித் தகுதியும் இல்லை, தேர்வுத்தாளும் இல்லை.

இதனால்தான் அந்தப் பயிற்றுத்தாளின் திருத்தப் பதிப்பில் 'மாட்சு' என்று எழுதாமல் 'மாச்சோ' என்று எழுதினோம். ஒலிப்பிழை நீங்கும் என்பது ஒரு காரணம். குச்சுப்பள்ளியில் தொழுதுவிட்டுத் திரும்பிய தமிழர் தம் அண்டை வீட்டுக் கடலன்னையின் பெயரைக் கேட்டது ஹொக்கியன் வாய்வழியாகத்தான் என்பது மற்றொன்று. சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 23ஆம் நாள் அவளுடைய பிறந்தநாள். ஏப்ரலிலோ மே மாதத்திலோ வரும். மாணவரை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள் காலையிலேயே செல்லுங்கள். ஊதுவத்தி ஏற்றும் மூதாட்டியர் அந்நேரத்தில்தான் மிகுதியாக வருவர். அவர்கள் முணுமுணுப்பதைக் காதுகொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு சில அடி நடந்து தர்காவின் முன் நின்று, நாகூர் என்னும் பெயரை அங்குள்ள பலகையில் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.